770: நியூயார்க்ல ஒரு ஏஎம் ஸ்டேஷன் பாட்டை நிறுத்துன கதை

1982 மே 10, திங்கட்கிழமை. காலைல 9 மணிக்கு நியூயார்க் டபிள்யூஏபிசி ஸ்டேஷன்ல டான் இங்கிராம், ரான் லண்டின்னு ரெண்டு டிஜே மைக் முன்னாடி உட்கார்ந்தாங்க. மூணு மணி நேரம் பழைய பாட்டு, பழைய ஜிங்கிள் (ஸ்டேஷன் பேரைப் பாடுற குட்டிப் பாட்டு), பழைய அரட்டை. கடைசியா ஜான் லெனனோட ‘இமாஜின்’ போட்டாங்க, அது முடிஞ்சதும் ஸ்டேஷனோட அந்த மணியோசை ஜிங்கிள், அப்புறம் சில நொடி ஒண்ணுமே கேட்கலை, மதியம் 12 மணிக்கு பேச்சு ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு அந்த ஸ்டேஷன்ல பேச்சுதான்.

அமெரிக்க ரேடியோ பைத்தியங்க இந்த நாளை ‘மியூசிக் செத்த நாள்’னு சொல்லுவாங்க. இதைப் பத்தி எழுதுற முக்கால்வாசிப் பேர் ஒப்பாரிதான் வைப்பாங்க, பேராசை புடிச்ச கம்பெனி பாட்டைக் கொன்னுடுச்சுன்னு. அந்த ஒப்பாரில எனக்குப் பங்கு இல்லை. ஏன்னா அந்தப் பாட்டே அதுக்கு இருபத்தோரு வருஷம் முன்னாடி வேற ஒண்ணைத் தள்ளிட்டு வந்து உட்கார்ந்ததுதான், அந்த வேற ஒண்ணும் அதுக்கு முன்னாடி இன்னொண்ணைத் தள்ளிட்டு வந்தது. இந்த ஸ்டேஷனோட நூறு வருஷத்தை வரிசையா எடுத்துப் பார்த்தா ஒரு விஷயம் தெரியும், அங்க நிகழ்ச்சி மாறுறதுக்கு கொஞ்சம் முன்னாடியே ஜனங்க வீட்ல ரேடியோ பெட்டி மாறியிருக்கும். ஸ்டேஷன் அதேதான், கேட்கிற பெட்டியும் அது இருக்கிற இடமும்தான் மாறிட்டே இருந்துச்சு.

ஸ்டேஷனுக்குப் பேரும் முதலாளியும் நிறைய தடவை மாறியிருக்கு, அதனால குழப்பம் வேண்டாம், நான் 770ன்னே சொல்லிட்டுப் போறேன். அதுதான் அதோட அலைவரிசை, 770 கிலோஹெர்ட்ஸ், அங்க ஏஎம்னு சொல்றது, நம்ம ஊர் பாஷைல மீடியம் வேவ்.

ஆரம்பம் நியூயார்க்லகூட இல்லை, ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சில நியூவார்க். 1921 அக்டோபர்ல வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி அங்க இருந்த தன்னோட ஃபேக்டரி மொட்டை மாடில ஒரு கொட்டாய் போட்டு டபிள்யூஜேஇசட்ங்கிற பேர்ல ஆரம்பிச்சுது. வெஸ்டிங்ஹவுஸுக்கு ரேடியோ நிகழ்ச்சி மேல பாசமெல்லாம் கிடையாது, ரேடியோ செட் விக்கணும், காத்துல ஏதாவது கேட்டாத்தானே செட் வாங்குவான். ஆரம்பிச்ச முதல் வாரத்துலேயே பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸ், அந்த வருஷம் நியூயார்க்கோட ரெண்டு டீமே மோதுச்சு, யாங்கீஸும் ஜயன்ட்ஸும். மைதானத்துலேர்ந்து லைவ் பண்ற வசதி இல்லை. ஒரு பத்திரிகை ரிப்போர்ட்டர் அங்கேர்ந்து போன்ல சொல்லச் சொல்ல, கொட்டாய்ல இருந்த அறிவிப்பாளர் டாமி கோவன் அதையே மைக்ல திருப்பிச் சொன்னார், மேட்ச்சைக் கண்ணால பார்க்காமலே கமென்ட்ரி!

1923ல ஸ்டேஷன் ஆர்சிஏங்கிற ரேடியோ கம்பெனி கைக்குப் போய் நியூயார்க்குக்குக் குடி வந்துச்சு. 1926ல ஆர்சிஏ என்பிசிங்கிற நெட்வொர்க்கை, அதாவது பல ஊர் ஸ்டேஷன்ல ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு போற அமைப்பை உருவாக்கி, அடுத்த வருஷ ஆரம்பத்துலேயே அதை ரெண்டாப் பிரிச்சுது, ஒண்ணு ரெட், இன்னொண்ணு ப்ளூ. ப்ளூவுக்கு இதுதான் தாய் ஸ்டேஷன். அப்போ ரேடியோ பெட்டின்னா ஹால்ல நடுநாயகமா நிக்கிற பீரோ சைஸ் மரப்பெட்டி, சாயங்காலம் சாப்பாடு முடிஞ்சதும் குடும்பமே சுத்தி உட்காரும், அதனால நிகழ்ச்சியும் குடும்பத்துக்கானதுதான், நாடகம், காமெடி, நியூஸ், 1931 கிறிஸ்துமஸ்லேர்ந்து மெட்ரோபாலிடன் ஓபரா (பாட்டாவே நடக்கிற மேடை நாடகம்). ஒவ்வொண்ணும் அரை மணி, ஒரு மணி, உட்கார்ந்து கேட்கிற சமாச்சாரம். 1941 மார்ச்ல வட அமெரிக்க நாடுகளுக்குள்ள ஒரு ஒப்பந்தம் போட்டு நூத்துக்கணக்கான ஸ்டேஷனை ஒரே நாள்ல இடம் மாத்துனாங்க, அப்பதான் 760ல இருந்த இது 770க்கு நகர்ந்துச்சு.

ஒரே கம்பெனி கையில ரெண்டு நெட்வொர்க் இருக்கிறது சரியில்லைன்னு எஃப்சிசி, அதாவது அங்க ரேடியோவுக்கு லைசன்ஸ் குடுக்கிற அரசு கமிஷன், கழுத்தைப் புடிச்சுது. கோர்ட் வரைக்கும் போய்த் தோத்து 1943ல என்பிசி ப்ளூவை வித்துச்சு. வாங்குனது யாருன்னு பாருங்க, எட்வர்ட் நோபிள், நடுவுல ஓட்டை இருக்கிற லைஃப் சேவர்ஸ் மிட்டாய் வித்துப் பணக்காரர் ஆனவர். விலை 80 லட்சம் டாலர். இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும். அவர்தான் நெட்வொர்க்குக்கு ஏபிசின்னு பேர் வச்சார், 1953ல ஸ்டேஷன் பேரும் டபிள்யூஏபிசி ஆச்சு. (இந்தப் பேரே செகண்ட் ஹேண்ட். அதுக்கு முன்னாடி பல வருஷம் அது போட்டிக் கம்பெனி சிபிஎஸ் ஸ்டேஷனோட பேரா இருந்துச்சு, அவங்க 1946ல டபிள்யூசிபிஎஸ்னு மாத்திக்கிட்டதும் இது காலியாச்சு.)

இப்போ முதல் பெரிய அடி. டிவி வந்துச்சு. ஹால்ல மரப்பெட்டி நின்ன அதே இடத்துல டிவி வந்து உட்கார்ந்துச்சு, நாடகம் காமெடி எல்லாம் அதோட பின்னாடியே போச்சு, நடிகருங்க போனாங்க, ஸ்பான்சர் போனாங்க. பாதி அமெரிக்கா ரேடியோ செத்துடுச்சுன்னே முடிவு கட்டிடுச்சு. ஆனா அதே நேரத்துல இன்னொரு பெட்டி வந்துச்சு, 1954 கடைசில ரீஜன்சி டிஆர்-1னு முதல் டிரான்சிஸ்டர் பாக்கெட் ரேடியோ, விலை 49.95 டாலர், அன்னிக்கு அது பெரிய காசு, சில வருஷத்துல ஜப்பான் செட் வந்து விலை இறங்குனதும் பசங்க கைக்கெல்லாம் வந்துடுச்சு. கார்லயும் ரேடியோ. குடும்பமா உட்கார்ந்து கேட்டது போய் தலகாணிக்கு அடியில வச்சு தனியா கேட்கிறது ஆகிப்போச்சு. அப்படிக் கேட்கிற பதினாலு வயசுப் பையனுக்கு ஓபரா எதுக்கு?

அமெரிக்கா முழுக்க மத்த ஊர்ல டாப் 40ங்கிற முறை ஏற்கனவே ஓடிட்டு இருந்துச்சு, நல்லா விக்கிற நாப்பது ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போடறது, அவ்வளவுதான் ஃபார்முலா. நியூயார்க்லயே 1010ல டபிள்யூஐஎன்எஸ், 570ல டபிள்யூஎம்சிஏ எல்லாம் முன்னாடியே பந்தியில உட்கார்ந்தாச்சு. 770 லேட்டா, 1960 டிசம்பர் 7ந்தேதிதான் வந்துச்சு. அதுவும் ஏபிசி நெட்வொர்க் நிகழ்ச்சிகளை நடுநடுவுல ஒலிபரப்பியே ஆகணும்ங்கிற கால்கட்டோட. முதல் ரெண்டு மூணு வருஷம் ஒண்ணும் பெரிசா கிழிக்கலை, நகரத்துக்குள்ள டபிள்யூஎம்சிஏ அடிச்சுத் துவைச்சுது.

அப்புறம் எப்படி ஜெயிச்சுதுன்னா ரெண்டு காரணம், ஒண்ணு சிக்னல். டபிள்யூஎம்சிஏ 5,000 வாட், 770 ஐம்பதாயிரம் வாட், நியூ ஜெர்சி லோடைல ஒத்தை டவர், எல்லாத் திசைலயும் சமமா அடிக்கும். 60கள்ல இளம் குடும்பமெல்லாம் நகரத்தை விட்டு லாங் ஐலண்ட், நியூ ஜெர்சின்னு புறநகருக்குக் குடி போயிட்டு இருந்த காலம், அங்க சுத்தமா கேட்டது இதுதான். ராத்திரி ஆயிட்டா கதையே வேற. பகல்ல வானத்துல மேல இருக்கிற ஒரு அடுக்கு மீடியம் வேவை உறிஞ்சிடும், சூரியன் இறங்குனதும் அந்த அடுக்கு கலைஞ்சு, அதுக்கும் மேல இருக்கிற அடுக்குல பட்டு அலை நூத்துக்கணக்கான மைல் தள்ளிக் கீழ வந்து விழும். பழைய வால்வு ரேடியோ வச்சிருந்தவங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். 770 ராத்திரில முப்பதுக்கு மேல மாநிலத்துல கேட்டுச்சு. பெருமைக்கு நல்லா இருக்கும், ஆனா காசு வராது, ஏன்னா நியூயார்க் கடைக்காரன் தர்ற விளம்பரக் காசு நியூயார்க்காரன் கேட்கிறதுக்குத்தான், ஓஹையோல போர்வைக்குள்ள கேட்கிற பையனுக்கு இல்லை.

இன்னொரு காரணம் ரிக் ஸ்க்லார். 1963ல நிகழ்ச்சிப் பொறுப்புக்கு வந்த இந்த மனுஷன் டாப் 40ஐ இன்னும் சுருக்கிட்டார். ரெக்கார்டுக் கடைங்களுக்கு வாராவாரம் போன் போட்டு எது விக்குதுன்னு கணக்கெடுத்து, பட்டியலைக் குறுக்கிக் குறுக்கி, நம்பர் ஒன் பாட்டு சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்தே ஆகணும்னு வச்சார். கேட்கிறவனுக்குச் சலிக்காதான்னா, அவர் கணக்கு வேற. ஒருத்தன் டிரான்சிஸ்டரைத் திருகி இருபது நிமிஷம் கேட்டுட்டு அணைச்சிடுவான், அந்த இருபது நிமிஷத்துல அவனுக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணாவது வந்துடணும். அதான் முழு சூத்திரமும். அது மேல எக்கோ சேர்த்து எல்லார் குரலையும் கொஞ்சம் பிரம்மாண்டமா ஆக்கி, டல்லாஸ்ல பாம்ஸ் கம்பெனி செஞ்ச ஜிங்கிளைப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல சொருகி, பீட்டில்ஸ் வந்தப்போ ஸ்டேஷன் பேரையே ‘டபிள்யூ-ஏ-பீட்டில்-சி’ன்னு மாத்திச் சொல்லி... கூச்சமே கிடையாது. பழைய டேப் இன்னிக்கும் நெட்ல கிடைக்குது, கேட்டுப் பாருங்க, ஒரு நொடிகூட சும்மா இருக்காது. டான் இங்கிராம் பாட்டோட முன்னிசைல பேச ஆரம்பிச்சு பாடகர் வாயைத் திறக்கிற சரியான நொடில நிறுத்துவார், அதை நான் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டிருக்கேன், கத்தி வச்சு வெட்டுன மாதிரி இருக்கும்.

போட்டியாளருங்க ஒவ்வொருத்தரா ஒதுங்கிட்டாங்க. 1010 டபிள்யூஐஎன்எஸ் 1965 ஏப்ரல்ல முழு நேர நியூஸுக்குப் போச்சு, டபிள்யூஎம்சிஏ 1970ல பேச்சுக்குப் போச்சு. இதைக் கவனிங்க, 770 பாட்டை விடறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஏஎம்ல பாட்டை விட்டுப் போற ஊர்வலம் ஆரம்பிச்சாச்சு. 770 அந்த வரிசைல கடைசி ஆளுங்கள்ல ஒருத்தர், அதனாலதான் அதோட சாவு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

எஃப்எம் எப்படி உள்ள நுழைஞ்சுதுன்னா, அது ரொம்ப நாள் சும்மா கிடந்த சாமான். பெரிய கம்பெனிங்க கையில ஏஎம் லைசன்ஸோட ஒரு எஃப்எம் லைசன்ஸும் இருக்கும், ஏஎம்ல வர்றதையே அதுலயும் போட்டு விட்டுடுவாங்க, கேட்க ஆளில்லை. 1961ல எஃப்எம் ஸ்டீரியோவுக்கு அனுமதி வந்துச்சு. அப்புறம் எஃப்சிசி ஒரு விதி போட்டுச்சு, பெரிய ஊர்ல ஏஎம் நிகழ்ச்சியை எஃப்எம்ல பாதிக்கு மேல காப்பி அடிக்கக் கூடாதுன்னு. சரி என்னத்தையாவது போட்டு நிரப்புவோம்னு நீளமான ராக் பாட்டு, முழு ஆல்பம், ஜிங்கிள் இல்லாம மெதுவா பேசுற டிஜேன்னு ஓட்டுனாங்க. ஏபிசியோட சொந்த எஃப்எம்மே 95.5ல 1971லேர்ந்து டபிள்யூபிஎல்ஜேங்கிற பேர்ல ராக் போட்டுச்சு. அதாவது 770க்குக் குழி தோண்டினதுல பாதி மண்வெட்டி அதே வீட்டுதுதான்.

ஒலி விஷயத்துல ஏஎம் நிக்கவே முடியாது. எஃப்எம் 15,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தத்தைக் கொண்டு வரும், ஏஎம் செட்டுங்க பல நேரம் 4,000, 5,000லேயே வெட்டிடும், டிரம்ஸ் செட்டோட சிம்பலைத் தட்டுனா தகர டப்பா தட்டுன மாதிரி இருக்கும். இடி இடிச்சா கரகரப்பு, ட்யூப்லைட் போட்டா கரகரப்பு, பாலத்துக்கு அடியில கார் போனா ஸ்டேஷனே காணாம போயிடும். பாக்கெட் ரேடியோவோட ரெண்டு அங்குல ஸ்பீக்கர்ல இந்த வித்தியாசம் தெரியாது, வீட்ல ரெண்டு பெரிய ஸ்பீக்கர் வச்ச ஸ்டீரியோ வந்தப்புறம் பளிச்சுன்னு தெரியும். 70கள்ல நடந்தது அதுதான், திரும்பவும் பெட்டி மாறுச்சு. எஃப்எம் இருக்கிற காரும் பெருகிட்டே வந்துச்சு.

கடைசி ஆணி 92.3. டபிள்யூகேடியூன்னு ஒரு எஃப்எம், மெதுவான பாட்டு போட்டுட்டு யாரும் கண்டுக்காம கிடந்தது, 1978 ஜூலைல ஒரே நாள்ல டிஸ்கோவுக்கு மாறுச்சு. சில மாசத்துலேயே நியூயார்க்ல நம்பர் ஒன், பல வருஷமா அந்த இடத்துல உட்கார்ந்திருந்த 770 கீழ. இதுல எனக்கு சுவாரஸ்யம் என்னன்னா ஜெயிச்சவன் கையில புது ஆயுதம் எதுவும் இல்லை, ஸ்க்லார் சொல்லிக் குடுத்த பாடம்தான், சின்னப் பட்டியல், திரும்பத் திரும்ப, சும்மா இருக்காதே, அதையே நல்ல ஒலியில செஞ்சான். 770 பதறிப் போய் தானும் டிஸ்கோ போட்டுச்சு, பழைய ஆளுங்க முகம் சுளிச்சாங்க, புது ஆளுங்க ஏற்கனவே 92.3ல இருக்காங்க, ரெண்டும் கெட்டான். 1979ல காலை நேர ஹாரி ஹாரிசன் உட்பட பழைய குரலுங்களை அனுப்பினாங்க, 1981ல யாங்கீஸ் பேஸ்பால் ஒலிபரப்பை வாங்கினாங்க, கொஞ்சம் கொஞ்சமா பேச்சைக் கூட்டினாங்க. 1982 மே மாசம் நடந்தது முடிவுகூட இல்லை, ஏற்கனவே எடுத்த முடிவுக்கு தேதி குறிச்சதுதான்.

அடுத்த வருஷமே ஏபிசி தன்னோட 95.5 எஃப்எம்மை ராக்லேர்ந்து டாப் 40க்கு மாத்துச்சு! பாட்டு சாகலைங்க, கீழ் வீட்லேர்ந்து மாடி வீட்டுக்கு சாமானைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒப்பாரி வைக்கிறவங்க இதை மட்டும் சொல்லவே மாட்டாங்க.

காலியான கீழ் வீட்ல பேச்சைக் குடி வச்சது ஏன்? மனுஷக் குரலுக்கு அகலமான ஒலி தேவையில்லை. போன்ல வர்ற குரலே 3,400 ஹெர்ட்ஸோட முடிஞ்சிடும், அதை எஃப்எம்ல போட்டாலும் அதே குரல்தான். ஏஎம்மோட குறை பேச்சுல மட்டும் குறையாத் தெரியாது. ஸ்டீரியோ வேண்டாம், ரெக்கார்டு வேண்டாம், ஒரு வாயாடி, நாலு போன் லைன் போதும். ஆனா ஆரம்பத்துல அதுவும் சரியா ஓடலை. 1984ல பாப் கிராண்ட் வந்தப்புறம்தான் சூடு புடிச்சுது, போன் பண்றவங்களைக் கத்தி விரட்டுறதே அவர் ஸ்டைல்.

1987ல எஃப்சிசி ஃபேர்னஸ் டாக்ட்ரினைத் தூக்குச்சு. சர்ச்சையான விஷயம் பேசினா எதிர்த் தரப்புக்கும் இடம் குடுக்கணும்ங்கிற 1949 விதி அது. அது போனதும் ஒரே பக்கம் பேசி நாள் முழுக்க ஓட்டலாம்னு ஆச்சு. 1988 கோடைல கலிஃபோர்னியா சாக்ரமென்டோலேர்ந்து ரஷ் லிம்பாங்கிற வலதுசாரிப் பேச்சாளரை ஏபிசி ரேடியோ நெட்வொர்க்கோட முன்னாள் தலைவர் ஒருத்தர் 770க்குக் கூட்டிட்டு வந்தார், ஆகஸ்ட்ல சேட்டிலைட் வழியா நாடு முழுக்கப் போச்சு. அப்புறம் நடந்தது அமெரிக்க அரசியல் சரித்திரம், அதை வேற யாராவது எழுதட்டும். பலரும் விதி போனதாலதான் பேச்சு ரேடியோ வந்துச்சும்பாங்க, என்னைக் கேட்டா வீடு காலியா இருந்துச்சு, அதான் முதல் காரணம், விதி போனது பூட்டைத் திறந்து விட்டது, அவ்வளவுதான். நாடு முழுக்க எத்தனையோ ஏஎம் ஸ்டேஷன் பாட்டு இல்லாம என்ன செய்யறதுன்னு முழிச்சிட்டு இருந்தப்போ இலவசமா மூணு மணி நேரம் நிரப்பித் தர்றேன், பதிலுக்குக் கொஞ்சம் விளம்பர நேரம் குடுன்னா யார் வேண்டாம்பாங்க. பாப் கிராண்ட் 1996ல, விமான விபத்துல செத்துப்போன அமைச்சர் ரான் பிரவுன் பத்திப் பேசின பேச்சுக்காக வேலையை இழந்தார். அதுக்கு சில மாசம் முன்னாடிதான் ஏபிசி டிஸ்னிக்குக் கைமாறியிருந்துச்சு, மிக்கி மவுஸ் கம்பெனிக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

அதுக்கப்புறம் கதைல ரேடியோக்காரங்களைவிட கடன்காரங்கதான் அதிகம். 2007ல டிஸ்னி ரேடியோவைக் கழட்டி சிட்டடெல்ங்கிற ரேடியோ கம்பெனி கையில குடுத்துச்சு, சிட்டடெல் கடன் தாங்காம 2009 டிசம்பர்ல திவால் கோர்ட்டுக்குப் போச்சு, 2011ல குமுலஸ்ங்கிற இன்னொரு ரேடியோ கம்பெனி வாங்குச்சு, குமுலஸும் 2017ல அதே கோர்ட் வாசல்ல நின்னுச்சு. லிம்பா 2014லேயே போட்டி ஸ்டேஷன் 710க்குப் போயிட்டார். வாஷிங்டன் பக்கம் குமுலஸ் தன்னோட இன்னொரு பழைய ஏஎம் ஸ்டேஷனோட டவர் நின்ன 75 ஏக்கரை வீடு கட்டுறவங்களுக்கு வித்துச்சு, அந்த அளவுக்கு வந்துடுச்சு நிலைமை, ஸ்டேஷனைவிட அது நிக்கிற மண்ணுக்கு மவுசு ஜாஸ்தி.

770ஐ வாங்குனது ஜான் கேட்ஸிமடிடிஸ், நியூயார்க்ல கிரிஸ்டீடிஸ் சூப்பர்மார்க்கெட் ஓனர், ஒரு தடவை மேயர் பதவிக்கும் முயற்சி பண்ணவர். மிட்டாய்க்காரர்ல ஆரம்பிச்சு மளிகைக்காரர் கிட்ட வந்து சேர்ந்துச்சு. 2020 மார்ச்ல கை மாறுச்சு, விலை 1.25 கோடி டாலர். இப்போ அந்த 1943 நம்பரை எடுங்க. அன்னிக்கு 80 லட்சம் டாலருக்கு நோபிள் ஒரு முழு நெட்வொர்க்கை வாங்கினார், இன்னிக்குக் காசுல அது 10 கோடி டாலருக்கு மேல. அமெரிக்காவோட பெரிய ஊர்ல, ஐம்பதாயிரம் வாட், நூறு வருஷப் பேர், அதுக்கு மன்ஹாட்டன்ல ஒரு நல்ல மாடி வீட்டு விலைதான் கிடைச்சுது.

மளிகைக்காரர் ஒரு வேடிக்கை செஞ்சார். பேச்சை அப்படியே வச்சுக்கிட்டு வார இறுதில பாட்டைத் திரும்பக் கொண்டு வந்தார். 1961லேர்ந்து 1974 வரைக்கும் 770ல கலக்குன டிஜே கசின் புரூஸி 2020 செப்டம்பர்ல, 84 வயசுல, சனிக்கிழமை ராத்திரி ஷோவுக்கு அதே 770க்கு வந்தார். அன்னிக்கு டிரான்சிஸ்டரோட படுத்த பசங்களுக்கு இப்போ எழுபது வயசு, மருந்துக் கம்பெனிக்கும் அவங்கதான் வேணும், அதனால இதுலயும் கணக்கு இருக்கு, பாசம் மட்டும் இல்லை.

பெட்டி இன்னும் மாறிட்டுத்தான் இருக்கு. எலக்ட்ரிக் கார்ல மோட்டார் பக்கத்துலேயே ஏஎம் வச்சா இரைச்சல் வருதுன்னு சில கம்பெனிங்க ஏஎம்மையே எடுத்துட்டாங்க, எடுக்கக் கூடாதுன்னு 2023லேர்ந்து அமெரிக்க காங்கிரஸ்ல ஒரு மசோதா. 880ல 1967லேர்ந்து நியூஸ் படிச்சுட்டு இருந்த டபிள்யூசிபிஎஸ் 2024 ஆகஸ்ட்ல அதை நிறுத்திட்டு ஸ்போர்ட்ஸுக்குப் போச்சு. 1965லேயே பாட்டை விட்டு நியூஸுக்கு ஓடின 1010 டபிள்யூஐஎன்எஸ் மட்டும் தப்பிச்சுக்கிட்டு இருக்கு, 2022லேர்ந்து அதே நியூஸை ஒரு எஃப்எம்லயும் போடறாங்க. எந்த எஃப்எம்னு பார்த்தா 92.3, ஒரு காலத்துல டிஸ்கோ போட்டு 770ஐக் கவுத்த அதே இடம்.